வீட்டு ஷெட்டில் ஒரு நாலரை அடி லேத்து

லேத்து, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், வாங்கப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் விலையைத்தான் கேட்டார்கள். கோவை ஆவாரம்பாளையத்தில் பழைய மெஷின்களைப் பிரித்துச் சரிசெய்து தரும் பெரியவர் ஒருவர் மட்டும், "எங்க தம்பி நிறுத்தப் போறீங்க? தரை என்ன தரை?" என்று கேட்டார். வாங்கி, இறக்கி, ஓட்டிப் பார்த்தபின் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். லேத்தின் நீண்ட அடித்தளமான வார்ப்பிரும்பு பெட் பார்வைக்குத்தான் அசையாதது. ஒரு மூலை துளி தாழ்ந்தாலும் அது முறுகும். முறுகினால் நேராக வர வேண்டிய தண்டு கூம்பாக வரும். தொழிற்சாலையில் இழைத்து அனுப்பிய துல்லியம், நாம் அதை உட்கார வைக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் வீடு வந்து சேர்கிறது.

நான் ஐடிஐயில் டர்னர் டிரேடு படித்தவன். அதன்பின் கோவை கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் ஓட்டினேன். வங்கித் தேர்வில் தேறி நாற்காலி வேலைக்குப் போனபின் லேத்தைத் தொடும் வாய்ப்பே இல்லாமல் போனது. பணி ஓய்வு நெருங்கியபோது ஊருக்கு வெளியே வீடு கட்டினோம். பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் எனக்கென்று ஒதுங்கியது. அந்த ஆசை அங்கேதான் திரும்ப வந்தது.

இந்த ஊரில் சொந்த லேத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர், மில் உதிரிபாகம் எல்லாம் உருவாகும் ஊர். ஒரு புஷ் (தண்டைத் தாங்கும் குழல் போன்ற துண்டு) வேண்டும் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் யாராவது கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் பட்டறையில் பீஸ் கணக்குதான் எல்லாம். ஷிஃப்டுக்கு இத்தனை என்று ஓடும் இடத்தில் மெஷினை நிறுத்தி டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. நானும் அப்படி ஓட்டியவன்தான். ஒரே தண்டோடு ஒரு மாலை முழுக்க இருக்கலாம், மெல்லிய வெட்டு எடுக்கலாம், அளக்கலாம், டூலை மறுபடி தீட்டிவிட்டு வரலாம் என்ற சுகம் அங்கே கிடைக்காது. வீட்டு லேத்தின் உண்மையான லாபம் இந்த நேரம். அதை மனதில் வைத்தால் எந்த மெஷின், எந்த டூல், எந்த வேகம் என்ற முடிவுகள் எல்லாம் எளிதாகின்றன.

எந்த லேத்து என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மேசையில் வைக்கும் மினி லேத்து தவிர வேறு வழியில்லை. அதிலும் நல்ல வேலை செய்யலாம், வெட்டின் ஆழத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்தில் ஒரு கார் நிறுத்தும் அளவு இடமும் வண்டி வந்து நிற்க வழியும் இருந்தால், பழைய நாலரை அடி லேத்தை வாங்குங்கள். நம் ஊரில் லேத்தை பெட் நீளத்தை வைத்துத்தான் சொல்வார்கள்: நாலரை அடி, ஆறடி, எட்டடி. ராஜ்கோட், பட்டாலா, லூதியானா, கோவை என்று பல இடங்களில் வார்த்த மெஷின்கள் பழைய மெஷின் கடைகளில் கிடைக்கும். எச்எம்டி லேத்து கிடைத்தால் மெஷின் அருமைதான், ஆனால் வீட்டு ஷெட்டுக்கு அதன் எடையும் மோட்டாரும் அதிகம். எடை என்பது கடைசலில் குறை கிடையாது. கனமான மெஷினில் டூல் அதிராது, அதிராத டூல்தான் பளபளப்பான முகம் தரும்.

வாங்கப் போனபோது பெரியவரும் கூட வந்தார். புது பச்சைப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்த மெஷினை நான் சுற்றிச்சுற்றிப் பார்க்க, "பெயிண்ட்டப் பாக்காதீங்க தம்பி, பெட்டத் தடவிப் பாருங்க" என்றார். பெட்டின் தேய்மானம் எப்போதும் ராடைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் வேலை முக்கால்வாசி ராடைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் முன்னால்தான் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார். டூலைத் தாங்கி பெட் மீது நகரும் கேரேஜை சக் அருகில் கொண்டுவந்து அதன் லாக் போல்ட்டை, தள்ளினால் இழுபட்டு நகரும் அளவுக்கு இறுக்க வேண்டும். அப்படியே கைச்சக்கரத்தைச் சுற்றி மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டு போக வேண்டும். நடுவழியில் இறுகி நின்றுவிட்டால் பெட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அன்று பார்த்த முதல் மெஷின் முக்கால் அடிகூட நகரவில்லை. அடுத்ததாகப் பார்த்தது, பெயிண்ட் உரிந்து கிடந்தது, கடைசிவரை போனது. அதைத்தான் வாங்கினேன்.

சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைப் பார்க்க, சக்குக்குள் ஒரு கெட்டியான ராடைப் பிடித்து, டயல் கேஜ் முள்ளை ஸ்பிண்டில் மூக்கில் வைத்து, ராடை மேலும் கீழும் நெம்ப வேண்டும். முள் 0.02 அல்லது 0.03 மி.மீ. ஆடினால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்யலாம். அதைவிடக் கூடுதலாக ஆடி, சுற்றும்போது கரகரவென்று சத்தமும் வந்தால் பேரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று வெறுமனே சுழல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நட்டின் தேய்மானம், மாற்றிக்கொள்ளலாம். மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகுதான் லீட் ஸ்குரூ, அதைக் கவ்வுவது ஹாஃப் நட்டு. ஹாஃப் நட்டைப் போட்டு லீட் ஸ்குரூவில் ஆட்டம் பாருங்கள். மரை அளவுக்கேற்ப மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்கள் முழு செட்டாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். 127 பல் கியர் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், காரணம் கீழே வருகிறது. நாலு ஜா (தாடை) சக், ஃபேஸ்பிளேட், நீள ராடைத் தாங்கும் ஸ்டெடி ஆகியவற்றை மெஷினோடு சேர்த்தே பேசி வாங்கிவிட வேண்டும். தனியாகத் தேடினால் உங்கள் ஸ்பிண்டில் மரைக்குப் பொருந்துவது கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். டூல், சக், அளவுக் கருவி எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும் வேலையை ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் என்பதால் கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்கு நகர்த்தி லாக் செய்தால் தூக்கும்போது ஓரளவு சமனாகும். தூக்கும் பெல்ட்டை பெட்டைச் சுற்றித்தான் போட வேண்டும். லீட் ஸ்குரூவோ ஃபீடு ராடோ நடுவில் மாட்டினால் வளைந்துவிடும், வளைந்த லீட் ஸ்குரூ பிறகு எதற்கும் ஆகாது.

தரைக்கு வருகிறேன். ஷெட்டில் முதலில் இருந்தது சாதாரண சிமென்ட் பூச்சு. மெஷின் நிற்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஆறு அங்குலக் கனத்தில் கம்பி வலை வைத்துக் கான்கிரீட் போட்டோம். கான்கிரீட் முழு வலுப் பெற 28 நாள் என்பது கணக்கு, அதுவரை தண்ணீர் தெளித்துக்கொண்டு மெஷினை வெளியிலேயே தார்ப்பாய் போட்டு நிறுத்தினேன். டைல்ஸ் மேல் நிறுத்தவே கூடாது, அடியில் எங்காவது பொள்ளல் இருந்தால் அந்த மூலை பிறகு தாழும். சுவரில் இருந்து ஒரு ஆள் புகுந்து போகும் இடைவெளி விடுங்கள். பெல்ட் மாற்றவும், கியர் மாற்றவும், பின்னால் விழும் சீவலைக் கூட்டவும் அந்த இடம் வேண்டும். ஹெட்ஸ்டாக் பக்கச் சுவரில் இருந்தும் தள்ளியே நிறுத்துங்கள். ஸ்பிண்டில் துளை வழியாக நீட்டு ராடு விட வேண்டிய நாள் கண்டிப்பாக வரும்.

மட்டம் பார்ப்பதைத்தான் நான் இதில் பெரிய வேலையாக நினைக்கிறேன். கொத்தனார் மட்டக்கோல் இதற்குப் போதாது. ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் வேண்டும். அது விலை அதிகம், ஓரிரு முறைதான் தேவைப்படும், அதனால் இரவல் வாங்குவதே நல்லது. பெரியவர் தன்னுடையதை மரப்பெட்டியோடு கொடுத்தார். அதை பெட்டுக்குக் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கம் ஒருமுறை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி நடுவில் நிற்பது முக்கியமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நிற்பதுதான் முக்கியம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட் முறுகவில்லை என்று அர்த்தம். கப்பலிலும் லேத்து ஓடுகிறது, அங்கே ஏது மட்டம்? சாய்ந்திருக்கலாம், முறுகக் கூடாது. பலர் குமிழியை நடுவுக்குக் கொண்டுவரப் போராடி, முறுக்கைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

லெவல் சொன்னபின் மெஷினே சொல்ல வேண்டும். 30 மி.மீ. பிரைட் பார் ஒன்றை சக்கில் பிடித்து, ஐந்தாறு அங்குலம் வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்காமல், நடுவை மட்டும் குறைத்துவிட்டு இரண்டு முனையிலும் வளையம் போல விட்டேன். நன்றாகத் தீட்டிய டூலில் மிக மெல்லிய வெட்டு, டயலைத் தொடாமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்தேன். கனமான வெட்டு எடுத்தால் ராடே வளைந்து விலகும், அளவு பொய் சொல்லும். மைக்ரோமீட்டரில் சக் பக்க வளையம் 28.42, வெளிப்பக்க வளையம் 28.50. மெஷினின் ஒரு கால் துளி தாழ்ந்ததே 0.08 மி.மீ. கூம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் பெருத்தால், அங்கே டூல் வேலையை விட்டு நம் பக்கம் விலகியிருக்கிறது என்று பொருள். டெயில்ஸ்டாக் பக்கம் முன்காலைக் கொஞ்சம் உயர்த்தினால் பெட் அந்த முனையில் பின்பக்கமாகச் சாய்ந்து டூல் உள்ளே வரும். லெவலிங் போல்ட்டை அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, லாக் நட்டை இறுக்கி, மறுபடி ஒரு வெட்டு. 0.05. இன்னும் துளி. 0.02. அதற்கடுத்த வெட்டில் மைக்ரோமீட்டரின் ராட்செட் இரண்டு வளையத்திலும் ஒரே கோட்டில் கிளிக் என்றது. அந்தக் கிளிக்கைக் கேட்கத்தான் இத்தனை ஆண்டு காத்திருந்தேன் என்று தோன்றியது.

லாக் நட்டை இறுக்கும்போதே அளவு கொஞ்சம் மாறும் என்பதால், இறுக்கியபின் எடுத்த வெட்டைத்தான் நம்ப வேண்டும். புதுக் கான்கிரீட் என்பதால் ஐப்பசி மழை முடிந்தபின் இந்தச் சோதனையை மறுபடி செய்தேன், சற்றே நகர்ந்திருந்தது, சரிசெய்தேன். டெயில்ஸ்டாக்கை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். இரண்டு சென்டருக்கு நடுவில் ராடை வைத்துக் கடைந்து பார்த்து, அதன் பக்கவாட்டுத் திருகில் நேராக்கலாம். வரிசை மாறினால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைத்ததாகிவிடும்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். என் மெஷினில் பழைய இரண்டு எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தது, வீட்டில் சிங்கிள் ஃபேஸ். ஒரு எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டுவது ஒரு வழி. விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி, வைப்பது இன்னொரு வழி. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸாகத் தரும் விஎஃப்டி கிடைக்கிறது. அதற்கு மோட்டாரின் உள் இணைப்பு ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாற வேண்டும். ஆறு முனையும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்தால் எலக்ட்ரீஷியன் உடனே மாற்றிவிடுவார், வராவிட்டால் ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டும். நான் விஎஃப்டியைத் தேர்ந்தெடுத்தேன். மெதுவாகக் கிளம்புவதால் வீட்டு லைட் மங்குவதில்லை, வேகத்தையும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு எச்சரிக்கை: சக் மரையில் திருகி மாட்டும் ரகமாக இருந்தால், விஎஃப்டியில் சட்டென்று நிற்கும்படியோ வேகமாக ரிவர்ஸ் ஆகும்படியோ வைக்காதீர்கள். சக் கழன்று வரும். மெயின் போர்டில் இருந்து தனி லைன், தனி எம்சிபி, கட்டாயம் நல்ல எர்த் வேண்டும்.

விஎஃப்டி இல்லாமல் நேரடி ஸ்டார்ட்டர் வைப்பவர்கள், நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டராகப் பார்த்து வையுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மெஷின் தானாக ஓடக் கூடாது. கரண்ட் போனதும் சக்குக்குள் கையை விட்டு ஜாபைப் பார்ப்பது எல்லாருக்கும் இயல்பு, சாதாரண சுவிட்சாக இருந்தால் அந்த நொடியில் கரண்ட் வந்துவிடலாம். இன்னொன்று, வீட்டு இணைப்பில் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது வேறு, காசு வாங்கிக்கொண்டு ஓட்டுவது வேறு. அக்கம்பக்கத்தில் புஷ் கடைந்து தரச் சொல்லிக் கேட்பார்கள். தொழிலாக மாறினால் மின்வாரியத்தில் அதற்குரிய இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இப்போது டூல். கார்பைடு இன்சர்ட் (மாற்றி மாட்டும் கடின வெட்டுமுனை) எல்லாரும் வாங்குகிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கிறது. பட்டறைக்கு அது சரி. அதிக வேகம், ஆழ வெட்டு, உறுதியான மெஷின் இருந்தால்தான் கார்பைடு தன் குணத்தைக் காட்டும். மெல்லிய வெட்டில் அது உரசிக்கொண்டு போகும். வீட்டில் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்பிட்தான் என் தேர்வு. மிராண்டா கம்பெனியின் மூன்று நூல் (3/8 அங்குலம்) கனமுள்ள பிட் ஒன்று இருந்தால் தீட்டித்தீட்டி வருடக்கணக்கில் ஓட்டலாம்.

கை மறந்திருக்குமோ என்று நான் கவலைப்பட்டது இந்த இடத்தில்தான். கிரைண்டரில் நின்றதும் விரல்கள் தாமாக இடம் பிடித்தன. முன்முகத்தில் ராடில் உரசாதபடி ஆறேழு டிகிரி கிளியரன்ஸ், பக்கவாட்டிலும் அதே அளவு, பிறகு மேல்முகத்தில் பக்கவாட்டுச் சரிவு. மைல்ட் ஸ்டீலுக்கு அது 12 முதல் 14 டிகிரி. பித்தளைக்கு மேல்முகம் தட்டையாகவே இருக்க வேண்டும், சரிவு வைத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எச்எஸ்எஸ் தீட்ட வெள்ளைக் கல், கார்பைடு தீட்ட பச்சைக் கல். பிட்டை ஒரே இடத்தில் அழுத்தாமல் கல்லின் அகலம் முழுக்க இடமும் வலமுமாக ஓட்ட வேண்டும். கைபொறுக்காத சூடு வரும்போது தண்ணீரில் நனைக்க வேண்டும். கடைசியில் மூக்கை ஒரு சின்ன வளைவாக்கி, ஆயில் ஸ்டோனில் எண்ணெய் விட்டு வெட்டுமுனையை நாலைந்து இழுப்பு இழுத்தால், நகத்தில் வைத்ததும் வழுக்காமல் நிற்கும். அப்படி நின்றால் டூல் தயார். இந்த ஆயில் ஸ்டோன் வேலையைப் பட்டறையில் யாரும் செய்ததில்லை. முகத்தின் பளபளப்பில் அது காட்டும் வித்தியாசம் பெரிது.

டூலின் உயரம் சரியாக சென்டரில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் ஸ்கேலை மெதுவாகப் பிடிக்க வைத்தால், செங்குத்தாக நின்றால் சரி. மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்வு, ராடு பக்கம் சாய்ந்தால் உயரம். ஷிம் தகட்டை அடியில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஃபேசிங் (ராடின் முனை முகத்தைக் கடைவது) செய்யும்போது நடுவில் சின்னக் கொம்பு மிஞ்சினாலும் இதுதான் காரணம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. எச்எஸ்எஸ் டூலில் மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வெட்டு வேகம். 25 மி.மீ. ராடுக்கு அது சுமார் 320 முதல் 380 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று). பாதி விட்டம் என்றால் இரட்டை வேகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் வார்ப்பிரும்புக்கும் குறைத்துக்கொள்ளுங்கள், பித்தளைக்குக் கூட்டலாம். சீவல் நீல நிறமாக வந்தால் எச்எஸ்எஸ் டூல் கருகப் போகிறது, வேகத்தைக் குறையுங்கள். கூலண்ட் தொட்டி வீட்டுக்குத் தேவையில்லை. தண்ணீரில் கலந்த எண்ணெய் சில வாரம் ஓட்டாமல் விட்டால் நாறும், பெட்டும் துருப்பிடிக்கும். ஸ்டீலுக்குக் கட்டிங் ஆயிலை பிரஷ்ஷால் தொட்டு வைப்பதும், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயும், பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் ஒன்றுமே இல்லாமலும் நன்றாக நடக்கிறது. வார்ப்பிரும்பு கடைந்தால் அந்தக் கருந்தூளை அன்றே துடைத்துவிட வேண்டும், எண்ணெயோடு சேர்ந்தால் அது பெட்டை அரைக்கும். வேலை முடிந்ததும் பெட்டில் 68 கிரேடு ஆயிலைத் தடவிப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும்.

ராடு வாங்கும்போது என்ன இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கட்டடக் கம்பியிலும் ஆக்ஸில் துண்டிலும் பழகினால் மனம்தான் உடையும், நமக்கே கை வரவில்லை என்று நினைத்துவிடுவோம். பழக இஎன் 1ஏ (எளிதில் கடையும் ஸ்டீல் ரகம்) ராடு வாங்குங்கள், சீவல் சின்னச் சின்னதாக உதிரும், முகம் தானாகவே நன்றாக வரும். பலம் தேவைப்படும் தண்டுக்கு இஎன் 8. மூன்று ஜா சக்கில் 0.1 மி.மீ. வரை கோணல் இருந்தால் கவலை வேண்டாம். ஒருமுறை பிடித்ததைக் கழற்றாமல் விட்டம், துளை, முகம் மூன்றையும் முடித்துவிட்டால் அந்தக் கோணல் வேலையில் ஏறாது. கழற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு நாலு ஜா சக்கும் டயல் கேஜும். எதிரெதிர் ஜாக்களை ஜோடியாகத் தளர்த்தி இறுக்கி 0.01க்குக் கொண்டுவரப் பழகிவிட்டால், அதற்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்கும் சங்கிலி, முழுக்கை எதுவும் ஓடும் லேத்து அருகில் வரக் கூடாது. கையுறை போடவே கூடாது, ஒரு நூல் மாட்டினால் கையே உள்ளே போகும். காட்டன் வேஸ்ட்டை மெஷின் ஓடும்போது கையில் எடுக்காதீர்கள். எமரி தாளை ராடைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், இரண்டு நுனியையும் இரண்டு கையில் தனித்தனியாகப் பிடித்தால் இழுத்தாலும் தாள்தான் போகும். சீவலைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும், மெஷின் நின்றபின். சக் சாவியை சக்கில் விட்டுவிட்டு கையை எடுக்கும் பழக்கமே கூடாது. சாவி ஒரு கையில் இருக்கும்வரை மறு கை ஸ்டார்ட்டருக்குப் போகக் கூடாது என்று எங்கள் ஐடிஐ ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது இன்றும் என் கையில் இருக்கிறது. கண்ணாடி போட வேண்டும், செருப்புக்குப் பதில் ஷூ. வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவதால் மெயின் ஐசொலேட்டருக்குப் பூட்டு போட்டிருக்கிறேன்.

முதலில் செய்தவை எல்லாம் சின்னப் பொருட்கள். வடிகட்டும் காபி ஃபில்டருக்குப் பித்தளைக் குமிழ், பேரனுக்குப் பித்தளைப் பம்பரம், தோட்டக் குழாய்க்கு ஒரு அடாப்டர். அந்த அடாப்டர்தான் என்னை மறுபடி மரை வெட்ட வைத்தது. அரை அங்குலக் குழாய் மரை அங்குலத்துக்கு 14, கோணம் 55 டிகிரி. இங்கிலாந்தின் விட்வொர்த் 1841இல் வகுத்த கோணம் இன்றும் நம் வீட்டுக் குழாயில் இருக்கிறது. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி, டூலைத் தனியாகத் தீட்ட வேண்டும். என் லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 4 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 6.35 மி.மீ. அதில் 1.5 மி.மீ. மரை வெட்ட வேண்டுமானால் விகிதம் 1.5க்கு 6.35. இரண்டையும் இருபதால் பெருக்கினால் 30க்கு 127. ஸ்பிண்டில் பக்கம் 30 பல், லீட் ஸ்குரூவில் 127 பல், நடுவில் எந்த ஐட்லர் கியரும் போடலாம். 127 பல் கியரை முன்பே கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அங்குல லீட் ஸ்குரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலை வெளியே இழுத்து, மோட்டாரை மெதுவான வேகத்தில் ரிவர்ஸ் ஓட்டித்தான் ஆரம்பத்துக்குத் திரும்ப வேண்டும். மரையின் ஆழம் பிட்ச்சில் (இரு மரைக்கு இடையிலான தூரம்) 0.613 பங்கு, 1.5க்கு 0.92 மி.மீ. கடைசி இரண்டு வெட்டை டயலை நகர்த்தாமல் அப்படியே ஓட்டினால் பக்கச் சுவர் பளிச்சென்று வரும்.

இப்போது கையில் இருப்பது கிராஸ் ஸ்லைடு நட்டு. வாங்கும்போதே கால் சுற்று ஆட்டம் இருந்ததல்லவா, அதை மாற்றப் போகிறேன். வார்ப்புக் கடையில் கன்மெட்டல் (வெண்கல வகை) துண்டு வாங்கி வந்து வெளி அளவை முடித்துவிட்டேன். ஸ்குரூ இடதுகை மரை என்பதால் அதற்கு ஒரு டேப் (உள்மரை வெட்டும் கருவி) தனியாக சில்வர் ஸ்டீலில் செய்து, கடினப்படுத்தி, பதப்படுத்த வேண்டும். பழைய நட்டைக் கழற்றிவிட்டால் கிராஸ் ஸ்லைடே ஓடாது, ஆகையால் புது நட்டு முழுவதும் முடிந்து, ஸ்குரூவில் கையால் திருகி வழவழப்பாக ஏறுகிறதா என்று பார்க்கும்வரை பழையதைத் தொடப் போவதில்லை. ஸ்குரூ நடுவில் அதிகம் தேய்ந்திருப்பதால் ஆட்டம் முழுவதும் போகாது. டயலில் இரண்டு மூன்று கோட்டுக்கு வந்தால் எனக்குப் போதும்.